இதுக்காடா படிக்க வெச்சேன்?

"ஏன்டா தம்பி, பேங்க்ல சம்பளத்தைக் குறைச்சுட்டானா?"

2024 பிப்ரவரியில் ஒரு நாலாவது சனிக்கிழமை சாயங்காலம். லிஃப்டுக்குள் நீளம் போதாமல் முன் சக்கரத்தைத் தூக்கி, சைக்கிளைக் குதிரை மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நாலாவது மாடியில் வந்து இறங்கினேன். கதவைத் திறந்த அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். கிண்டல் இல்லை சாமி, நிஜமாகவே பயந்து போய்க் கேட்டார்.

"இல்லப்பா, உடம்புக்காக."

"உடம்புக்கு என்ன?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் அதற்குள் சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டார். "எவ்வளவு?"

"ஏழாயிரம்."

உள்ளேயிருந்து மனைவி இருமினாள். பில் 28,500 ரூபாய்.

"ஏழாயிரமா! மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, ஒரு பெல்லு கூட இல்ல. உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்டா" என்றார். 28,500க்கும் அதெல்லாம் கிடையாது என்று நினைத்தபோது எனக்கே கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது :-)

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் புனே வந்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்னால் கலபுர்கி, அதற்கும் முன்னால் நாக்பூர். கோத்ரூடில் வாடகை வீடு. வேலை டெக்கன் பக்கம். கடன் மனுக்களைப் பரிசீலிக்கிற பிரிவு. கவுண்டர் வேலையாவது எழுந்து நாலு தடவை லாக்கர் ரூமுக்குப் போய் வர வைக்கும். எங்கள் பிரிவில் அதுவும் இல்லை. காலையில் உட்கார்ந்தால் பேலன்ஸ் ஷீட், மத்தியானம் டப்பா, மறுபடி பேலன்ஸ் ஷீட், ராத்திரி எட்டு மணிக்குக் காரில் ஏறி ஏழு கிலோமீட்டர் தூரத்தை முக்கால் மணி நேரத்தில் கடந்து வீடு. வெளிமாநிலத்தில் இருக்கிற நம்மில் பலருக்கு இதுதானே கதை. ஊரில் இருந்தால் கோயில், கடைத்தெரு, கல்யாணம், காரியம் என்று கால் நடந்துகொண்டே இருக்கும். இங்கே யார் நம்மைக் கூப்பிடுகிறார்கள்?

2023 டிசம்பரில் வங்கியின் மருத்துவப் பரிசோதனை. எடை 86 கிலோ. எச்பிஏ1சி 7.2. டாக்டரம்மா மராத்திக்காரர், ரொம்பப் பொறுமைசாலி. "வெறும் வயிற்றில் பார்த்தால் எனக்கு எப்போதும் கிட்டத்தட்ட சரியாகத்தானே இருக்கும்?" என்று கேட்டேன். என் வேலையைக் கேட்டுவிட்டு என் பாஷையிலேயே விளக்கினார். வெறும் வயிற்றில் பார்ப்பது அன்றைய தேதிக்கு உங்கள் அக்கவுண்டில் உள்ள இருப்பு. எச்பிஏ1சி என்பது கடைசி இரண்டு மூன்று மாதத்துச் சராசரி இருப்பு. பரிசோதனைக்கு முந்தின நாள் இனிப்பைத் தள்ளிவைத்து முதலாவதை ஏமாற்றலாம், இரண்டாவதை முடியாது. 6.5ஐத் தாண்டினால் சர்க்கரை நோய் என்றுதான் பெயர். மார்ச் 31 அன்று மட்டும் கணக்கை அழகுபடுத்திக் காட்டும் கம்பெனிகளை நான் தினமும் பார்க்கிறேன். என்னை நானே பார்த்தது அன்றைக்குத்தான்.

மாத்திரை கொடுத்தார். சாதத்தைப் பாதியாக்கச் சொன்னார். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷமாவது மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி உடம்பு அசையவேண்டும் என்றார். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கும் அதுதான். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில்கூட, தசை உழைக்கும்போது அதுவே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தொடைத் தசைகள் உடம்பின் பெரிய தசைகளில் சேர்ந்தவை, அவற்றுக்கு வேலை கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இதை வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை. 2022இல் அம்மா போனபிறகு ஒரு வருஷம் மன்னார்குடியில் தனியாக இருந்துவிட்டு அப்போதுதான் எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். மொழி தெரியாத ஊர், நாலாவது மாடி, பேச்சுத்துணை கிடையாது. இதில் மகனுக்கும் சர்க்கரை என்று வேறு எதற்கு?

நடக்கத்தான் ஆரம்பித்தேன். கோத்ரூடுக்குப் பின்னாலேயே வேதாள் டேக்டி இருக்கிறது. டேக்டி என்றால் மராத்தியில் குன்று. புனே கடல் மட்டத்திலிருந்து 560 மீட்டர் என்றால் இந்தக் குன்றின் உச்சி சுமார் 800 மீட்டர். நகரத்துக்கு நடுவில் இப்படி ஒரு காடு கிடைப்பது இந்த ஊர்க்காரர்கள் செய்த புண்ணியம். மேலே வேதாளத்துக்கு ஒரு கோயில், கைவிடப்பட்ட கல் குவாரியில் தேங்கிய தண்ணீர், விடியலில் மயில் அகவல். ஒரு பக்கம் லா காலேஜ் ரோடு, இன்னொரு பக்கம் பாஷாண். எழுபது வயசுக்காரர்கள் கைத்தடியோடு சர்வசாதாரணமாக ஏறி இறங்குகிறார்கள். அந்தக் குன்றை வெட்டி ரோடு போடும் திட்டத்தை எதிர்த்து 2023இல் இந்த ஊர்க்காரர்கள் ஊர்வலம் போனார்கள். நான் போகவில்லை. அப்போது எனக்கு அந்தக் குன்று காரின் கண்ணாடி வழியே தெரிகிற ஒரு மேடு, அவ்வளவுதான்.

நடை ஒரு மாதம் தாங்கியது. அப்புறம் முழங்கால் பேச ஆரம்பித்தது. 86 கிலோவைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினால் அது என்ன செய்யும், பாவம். "சைக்கிள் ஓட்டுங்கள், முழங்காலில் எடை விழாது" என்றார் டாக்டரம்மா. அப்படித்தான் அந்த 28,500.

முதல் இரண்டு வாரத்தைப் பற்றி விவரமாகச் சொல்லப்போவதில்லை. உட்கார முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: சீட் உயரத்தைச் சரி செய்யுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். நம்மில் பலர் இரண்டு காலும் தரையில் பதிகிற மாதிரி சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டு, சைக்கிள் முழங்காலைக் கெடுத்துவிட்டது என்று சொல்கிறோம். கியர் விஷயமும் அப்படித்தான். கனமான கியரில் முக்கி முக்கி மிதிப்பது வீரம் இல்லை. லேசான கியரில் கால் கடகடவென்று சுற்றவேண்டும். எனக்கு இது புரிய மூன்று மாதம் ஆனது. அதுவும் ஒரு வாட்ச்மேன் புரியவைத்தார்.

கோத்ரூடிலிருந்து பௌட் ரோடு வழியாக சாந்தனி சௌக் போகும் பாதை ஒரே ஏற்றம். ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு ஹெல்மெட், கையுறை, இருபத்தொரு கியர் சகிதம் நாக்கு தள்ள ஏறிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் கறகறவென்று ஒரு சத்தம். ராத்திரி டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் ஒரு செக்யூரிட்டிக்காரர். காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு, ஹேண்டில்பாரில் டிபன் பை, கீழே கியர் இல்லாத பழைய அட்லஸ். என்னைவிட வயது ஐந்தாவது கூட இருக்கும். "சலோ சாஹேப்" என்று ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார். அவர் மிதித்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அவசரமே இல்லை. ஒரே சீர். மேட்டுக்காக வேகத்தைக் கூட்டவும் இல்லை, மூச்சை விடவும் இல்லை.

(அட்லஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. அவர்களின் சாஹிபாபாத் தொழிற்சாலை மூடப்பட்டது 2020 ஜூன் 3ஆம் தேதி. அன்றைக்கு உலக சைக்கிள் தினம்! இந்த மாதிரி விஷயங்களைக் கற்பனை செய்து எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.)

அந்த வாட்ச்மேனுக்குப் பிறகுதான் ரோட்டில் யார் யார் சைக்கிளில் போகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கடக்வாஸ்லா அணைப் பக்கம் போனால் எங்களை மாதிரி கலர் கலராக உடுத்திய கூட்டம், லட்ச ரூபாய் வண்டிகள். திங்கட்கிழமை காலை கர்வே ரோட்டில், மெட்ரோ தூண்களுக்குக் கீழே பார்த்தால் வேறு கூட்டம். பேப்பர் போடும் பையன்கள், கட்டட வேலைக்குப் போகிற பீகார்க்காரர்கள், வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள், இட்லி விற்கிற நம்மூர்க்காரர் ஒருவர். ஹெல்மெட் கிடையாது, பின்னால் சிவப்பு விளக்கு கிடையாது, அவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்று எந்தச் செயலியும் கணக்கு வைப்பதும் கிடையாது. ஒருகாலத்தில் புனேயே சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கியிருந்த ஊர்தான். பஜாஜ் ஸ்கூட்டரும் லூனாவும் செய்து நாட்டுக்கே கொடுத்ததும் இந்தப் பக்கத்துக் கம்பெனிகள்தான். கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் எல்லோரும் சைக்கிளிலிருந்து இறங்கினார்கள். இறங்க முடியாதவர்கள் மட்டும் அதிலேயே இருக்கிறார்கள். இப்போது எங்களை மாதிரி சிலர், டாக்டர் சொல்லி, திரும்ப ஏறியிருக்கிறோம்.

ஏப்ரலில் ஆபீசுக்கும் சைக்கிளிலேயே போகத் துணிந்தேன். ஏழு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிஷம். கார் எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிக்கும் கொஞ்சம்தான் கூட. போய் முகம் கழுவி, சட்டை மாற்றி, எட்டே முக்காலுக்கு உட்கார்ந்துவிடலாம். முதல் நாள் கேட்டில் புதுக் காவலாளி என்னை நிறுத்தி, "டெலிவரி பின்வாசல்ல பையா" என்றார். முதுகில் பை, தலையில் ஹெல்மெட், அவர் மேல் தப்பே இல்லை. அடையாள அட்டையைக் காட்டியதும் பதறிப்போய் சல்யூட் அடித்தார். அந்த சல்யூட்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. சக அதிகாரிகள் ஒரு வாரம் கேலி செய்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தனியாக வந்து, "எவ்வளவு இருந்தது, இப்போ எவ்வளவு?" என்று ரகசியக் குரலில் கேட்டார்கள். எங்கள் மாடியில் பாதிப் பேருக்கு சர்க்கரை இருக்கும் விஷயம் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

கேலி செய்யாதவர், கேட்காதவர் அப்பா மட்டும்தான். நான் காலையில் சைக்கிளை வெளியே எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கீழே பார்க்கில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்திருந்தார், ரெயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பாலக்காட்டுக்காரர். அவர் ஒரு நாள், "உங்க பையன் சைக்கிளிலா ஆபீஸ் போறார்?" என்று கேட்டுவிட்டாராம். அன்று ராத்திரி சாப்பிடும்போது வெடித்தது.

"ஊரெல்லாம் என் புள்ள பேங்க் ஆபீசர்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ என்னடான்னா கூலிக்காரன் மாதிரி வேர்வையோட சைக்கிள்ல போற. இதுக்காடா படிக்க வெச்சேன்?"

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மன்னார்குடியில் ஒரு உரக்கடையில் முப்பது வருஷம் வசூல் வேலை பார்த்தார். விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கின குடியானவர்களிடம் அறுப்பு முடிந்ததும் போய்ப் பணம் வாங்கி வரவேண்டும். வடுவூர், உள்ளிக்கோட்டை, பரவாக்கோட்டை என்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர். 1978இல் நானூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய, சென்னை அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ். டைனமோ விளக்கு, பெரிய கேரியர், மடித்துக் கட்டின வேட்டி, சட்டைப்பைக்குள் ரப்பர் பேண்டு போட்ட சின்ன நோட்டு. நானும் இப்போது கடன் பிரிவில்தான் இருக்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், யார் திருப்பிக் கொடுப்பான் யார் கொடுக்கமாட்டான் என்று அவருக்கு அவன் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே தெரிந்துவிடும். எனக்கு எக்செல் ஷீட் நாற்பது பக்கம் தேவைப்படுகிறது.

அந்த ஹெர்குலிஸில்தான் நான் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். அந்தக் கேரியரில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். வீட்டில் யாரும் அவரை அப்போது கூப்பிடக்கூடாது.

இனிமேல் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

பி.காம். இரண்டாவது வருஷம். பரீட்சைப் பணம் கட்டக் கடைசி நாள். அப்பா வசூலுக்குப் போகிற வழியில் பணத்தைக் கொடுக்கக் கல்லூரி வாசலுக்கே சைக்கிளில் வந்துவிட்டார். வெயில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேரியரில் காலி உரச் சாக்கு. என்னோடு நின்ற பையன்களில் இரண்டு பேர் மோட்டார் பைக்கில் வருகிறவர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், "அப்பா, இனிமே வாசல் வரைக்கும் வராதீங்க. அந்த டீக்கடைகிட்டயே நில்லுங்க, நான் வந்து வாங்கிக்கறேன்" என்று சொன்னேன். "சரிடா" என்றார். அதற்கப்புறம் எப்போது வந்தாலும் டீக்கடை பக்கம்தான் நிற்பார். ஏன் என்று கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

வேலை கிடைத்து அடுத்த வருஷம், 2005இல், சேர்த்து வைத்திருந்த பணத்தில் அவருக்கு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கிக் கொடுத்தேன். "இனிமே சைக்கிளைத் தொடக்கூடாது. என் மானம் போகுது" என்று, பாசமாகத்தான், சொன்னேன். ஹெர்குலிஸை அறுநூறு ரூபாய்க்கு ஒரு பால்காரருக்குக் கொடுத்தார். அறுபது வயசில் அவருக்கு சர்க்கரை வந்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட நான் டாக்டர் இல்லை. வயசு இருக்கிறது, பரம்பரை இருக்கிறது. ஆனாலும் ராத்திரி தூக்கம் வராதபோது அந்த முடிச்சு தானாக வந்து விழும்.

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நானும் வக்கீல் மாதிரி வாதாடினேன். சைக்கிள் ஓட்டுவதில் என்னப்பா கேவலம், இங்கே பெரிய பெரிய டாக்டர், இன்ஜினியர் எல்லாம் ஓட்டுகிறார்கள், வெளிநாட்டில் மந்திரியே சைக்கிளில் போகிறார், இத்யாதி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"கேவலம்னு நான் எங்கடா சொன்னேன். நீதானே சொன்ன."

மனைவிக்குப் புரியவில்லை. பெண்ணுக்குப் புரியவில்லை. நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் அவரிடம் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். 7.2. அவருக்கு அந்த நம்பர் நன்றாகத் தெரியும், பதினான்கு வருஷப் பழக்கம். ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை ஏன்டா அன்னிக்கே சொல்லல?" என்று மட்டும் கேட்டார். சைக்கிள் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பவும் இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் மண்பாதைகளில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தார்ச் சாலையில் ஓட்டுவது வேறு, இது வேறு. பாஷாண் பக்கத்துக் குன்றுகளில் செம்மண்ணும் சரளையும் கலந்த முரம் பாதை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால்தான் பிடிப்பு கிடைக்கும். ஏற்றத்தில் சீட்டின் நுனிக்கு வரவேண்டும், இறக்கத்தில் இடுப்பைப் பின்னால் தள்ளவேண்டும், கண் சக்கரத்தைப் பார்க்கக்கூடாது, பத்தடி முன்னால் பாதையைப் பார்க்கவேண்டும். ஒரு கல்லையே பார்த்துக்கொண்டு போனால் சைக்கிள் நேராக அந்தக் கல்லில்தான் போய் ஏறும். அது என்ன மாயமோ தெரியாது, நீங்களும் பரீட்சித்துப் பாருங்கள். இன்னொன்று, மழை பெய்த மறுநாள் இந்தப் பக்கம் போகக்கூடாது. ஈர மண்ணில் டயர் போட்ட தடம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும். நடப்பவர்களைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதும் நல்லது. குன்று முதலில் அவர்களுடையது. எங்களில் சில இளவட்டங்கள் தாத்தா பாட்டிகளை உரசிக்கொண்டு பறக்கிறார்கள். வனத்துறை ஒரு நாள் எல்லாருக்குமாகச் சேர்த்துக் கேட்டை மூடினால் நான் குறை சொல்லமாட்டேன்.

நவம்பரில் விழுந்தேன். இறக்கத்தில் ஒரு வளைவு, லூசான சரளை, பயத்தில் வலது கை பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன். முன் சக்கரம் சறுக்கி, நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். எலும்பு தப்பியது, முழங்கால் தோல் போனது. வீட்டில் காட்டாமல் மறைக்கப் பார்த்தேன். நாற்பத்து நாலு வயசில் அப்பாவுக்குப் பயந்து முழங்காலை மறைக்கிற அனுபவம் எல்லோருக்கும் வாய்க்காது. கண்டுபிடித்துவிட்டார். "வளைவுல, அதுவும் சரளைல, முன் பிரேக்கை எவனாவது பிடிப்பானா? நான் வயக்காட்டு வரப்பு மேலயே ஓட்டியிருக்கேன்டா" என்று திட்டிக்கொண்டே மஞ்சள் குழைத்துப் போட்டார். மனைவி அப்புறம் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஒழுங்காகக் கழுவி ஊசி போட வைத்தாள் என்பது வேறு விஷயம். சர்க்கரைக்காரன் காலில் காயத்தோடு விளையாடக்கூடாது.

அந்த டிசம்பர் பரிசோதனையில் 6.4, எடை 79. மாத்திரையும் சாதத்தைக் குறைத்ததும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சைக்கிள் மட்டும் என்று சொன்னால் பொய்க்கணக்கு ஆகிவிடும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பையில் ஏதாவது இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள், திடீரென்று சர்க்கரை இறங்கினால் உதவும். நான் லோணாவளா சிக்கி இரண்டு துண்டு வைத்திருப்பேன். பல நாள் இறங்காமலேயே அது காலியாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இது நடந்தது 2025 ஜனவரியில். புனேயின் குளிர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், விடியற்காலையில் பத்து டிகிரி. ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு பால்கனியில் விளக்கைப் போட்டால் சைக்கிள் பளபளவென்று நிற்கிறது. போக்ஸ் கம்பி ஒவ்வொன்றும் துடைத்திருந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு துணி, பழைய வேட்டிக் கிழிசல், அழகாக மடித்துச் செருகியிருந்தது. செயின் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. தொட்டு மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். குளிரில் உறைந்து நெய் மாதிரி பல்சக்கரம் எல்லாம் கட்டிப் போயிருந்தது.

"நேத்து நீங்க தூங்கினப்புறம் மாமா ரொம்ப நேரம் பால்கனியிலயே உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதுக்கு, சும்மா காத்து வாங்கறேன்னார்" என்றாள் மனைவி. பத்து டிகிரியில் காற்று.

பாஷாண் போய்த் திரும்புவதற்குள் அந்த எண்ணெயில் குன்றின் தூசி பாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. கியர் மாறவே இல்லை. வழியில் சைக்கிள் கடையில் நிறுத்தி மண்ணெண்ணெய் விட்டுச் செயினைக் கழுவி, சரியான எண்ணெய் போட்டுக்கொண்டேன். கடைக்காரப் பையன் "எந்தப் புத்திசாலி சார் இதைச் செஞ்சது?" என்று கேட்டான். துணியை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். பேப்பர் கையில் இருந்தது, பார்வை சைக்கிளில்.

"எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதுப்பா. வெண்ணெய் மாதிரி."

"ஓடும். ஊர்லேர்ந்து கொண்டுவந்த செக்கெண்ணெய் ஆச்சே" என்று சொல்லிவிட்டு, குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "காத்து கம்மியா இருக்கு."